தின்னர் போட்டுத் துடைத்த பிஸ்டல்

பாலிமர் பிஸ்டலை எதை வைத்துத் துடைக்கலாம் என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு 32,000 ரூபாயும் நாலரை மாதமும் மிஞ்சியிருக்கும். கேட்காமல் இல்லை, கேட்டேன். கேட்ட இடம் பெயிண்ட் கடை. அதுதான் கோளாறு.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. வீடும் அங்கேயே. கல்லூரிக் காலத்தில் பிடித்துக்கொண்ட துப்பாக்கி சுடும் பழக்கம் விட்டு விட்டு இன்றுவரை ஓடுகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வந்து, அங்கிருந்து ரேஞ்சுக்குப் போவேன். கையில் இருப்பது .22 என்ற சின்னத் தோட்டா போடும் பிஸ்டல். ஸ்லைடும் (சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பாகம்) பேரலும் (குழல்) உலோகம், கீழே கையில் பிடிக்கிற பிரேம் பாலிமர், அதாவது பிளாஸ்டிக், அதன் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டு மாட்டிய கிரிப் தகடுகள். லைசென்ஸ் வாங்கப் பட்ட பாடு தனிக்கதை. அதை ஆரம்பித்தால் இன்று முடியாது.

2024 மக்களவைத் தேர்தல் அறிவித்ததும், லைசென்ஸ் வைத்திருக்கும் பலரையும்போல நானும் மார்ச் மாதம் பிஸ்டலைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். ஆனால் எண்ணிக்கை ஜூன் 4. ஆக, மூன்று மாதம் அது என் கையில் இருக்கப்போவதில்லை. துரு பிடித்துவிடுமே என்ற பயத்தில், கொடுப்பதற்கு முந்தின நாள் ஜீப்புக்குப் போடும் கிரீஸை எடுத்து உள்ளும் புறமும் அப்பி, பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். இதுதான் முதல் முட்டாள்தனம். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் விதை இதுதான்.

எங்கள் தாத்தா தன் இரட்டைக் குழல் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய்தான் போடுவார். மலையில் மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாக நிற்கும். அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். அதே எண்ணெய் துப்பாக்கியின் உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அது மரமும் இரும்பும். எதைப் போட்டாலும் தாங்கியது. அந்தப் பரம்பரை தைரியம்தான் என்னையும் கெடுத்தது.

ஜூன் மூன்றாம் வாரம் பிஸ்டல் திரும்பி வந்தது. மழை ஆரம்பித்து, மதியமே மூடுபனி இறங்கும் நாட்கள். கவரைப் பிரித்தால் உள்ளே வியர்த்திருந்தது. கிரீஸ் மஞ்சள் பசையாகி, தூசியும் நூலும் ஒட்டி, பழைய சைக்கிள் செயினைத் தொட்டதுபோல இருந்தது. கிரீஸ் படாமல் விட்டுப்போன இடங்களில், ஸ்லைடின் முன்பக்கம், ஊசி முனை அளவுக்கு நாலைந்து துருப்புள்ளிகள். ஈரத்தை வெளியே வைக்கத்தான் கவர் போட்டேன். அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. இப்போது புரிந்தது இது: நீண்ட நாள் வைப்பதானால் மெல்லிய எண்ணெய் ஒரு கை, பழைய பருத்தி வேட்டித் துணி ஒரு சுற்று, டப்பாவுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். பாலிதீன் வேண்டவே வேண்டாம்.

பசையைக் கரைக்க என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வேறு வேலையாகப் போனவன், வண்டி பெயிண்ட் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தேன். துப்பாக்கி என்று சொல்ல முடியுமா? "கிரீஸ் பிடிச்ச பிளாஸ்டிக் சாமான் ஒண்ணு, துடைக்கணும் தம்பி" என்றேன். "தின்னர் எடுத்துட்டுப் போங்கண்ணா. கார் பம்பரே பிளாஸ்டிக்தானே, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நாங்க இதுலதான் துடைக்கிறோம். ஒண்ணும் ஆகாது" என்றான் பையன். ஒரு லிட்டர் 140 ரூபாய். அவன் பொய் சொல்லவில்லை என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கார் பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகை. அதைத் தின்னரில் துடைத்தால் ஒன்றும் ஆகாதுதான். அவன் தன் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொன்னான், நான் என் பிளாஸ்டிக்குக்குப் பொருத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. வெளியே பனி, அதனால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தேன். தோட்டா டப்பாவை அடுத்த அறையில் வைத்துப் பூட்டினேன். அந்தமட்டில் ஒழுங்காகத்தான் இருந்தேன். பிறகு எவர்சில்வர் கிண்ணத்தில் தின்னரை ஊற்றி, பழைய டூத்பிரஷை முக்கி முக்கித் தேய்த்தேன். கிரீஸ் கண்ணெதிரே வழிந்து ஓடியது. அடடா, இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன். ஸ்லைடு, பேரல் முடிந்ததும் பிரேமையும் அதே பிரஷால் தேய்த்தேன். கிரிப் தகட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் ஸ்க்ரூவின் மரை போய்விடுமோ என்ற பயம். இடுக்கில் இருந்த பசைக்காகத் தின்னரைச் சொட்டுச் சொட்டாக ஸ்க்ரூ ஓரமாகவே விட்டேன்.

அரை மணி நேரத்தில் தலை கனத்தது. வாய்க்குள் ஒரு தித்திப்பு மாதிரி. கண் எரிந்ததால் கண்ணாடியை, ரேஞ்சில் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி அது, கழற்றி ஈரக் கையாலேயே மேஜையில் வைத்தேன். எழுந்தபோதுதான் கவனித்தேன், மூலையில் ரூம் ஹீட்டர் செந்தணலாக எரிந்துகொண்டிருக்கிறது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத்தான் தவழும். ஹீட்டர் இருந்ததும் தரையில்தான். என் வீடு இன்றைக்கும் நிற்பது என் சாமர்த்தியத்தால் அல்ல. கதவைத் திறந்துவிட்டு வெளியே திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். பனியில் எதுவுமே தெரியவில்லை. வாந்தி வருவதுபோல இருந்து, வராமல் போயிற்று.

காலையில் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால், முதலில் கண்ணில் பட்டது முன்சைட், குறி பார்ப்பதற்காக ஸ்லைடின் முன்னால் இருப்பது. அதில் சிவப்பாக ஒரு ஃபைபர் குச்சி இருக்கும். மெல்லிய கண்ணாடிக் குச்சி போல இருந்தாலும் அதுவும் பிளாஸ்டிக்தான். வெளிச்சத்தை வாங்கி முனையில் ஒரு புள்ளியாகக் காட்டும். அந்தக் குச்சி வெந்த சேமியா மாதிரி வளைந்து, வெளுத்து, நடுவில் இளைத்துப் போயிருந்தது. அடுத்துப் பாதுகாப்புக் கண்ணாடி. என் விரல் பட்ட இடத்தில் சிலந்திவலை பின்னியதுபோல நுண்ணிய கீறல்கள். துடைத்தால் போகவில்லை. கீறல் மேலே இல்லை, கண்ணாடிக்கு உள்ளேயே ஓடியிருந்தது.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் வயிற்றைக் கலக்கியது. பிரேமின் அடியில் சின்னத் தகடு ஒன்றில் வரிசை எண் இருக்கும், வெள்ளை எழுத்தில் பளிச்சென்று. அந்த வெள்ளையைக் காணோம். கறுப்புத் தகடுதான் தெரிகிறது. ஆயுதச் சட்டம் 1959-இன் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. அவை அழிந்துபோன துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவர் வேறு விதமாக நிரூபிக்கும்வரை அவரே அழித்ததாகக் கருதப்படும். லைசென்ஸ் வாங்கிய காலத்தில் படித்தது வரிக்கு வரி ஞாபகம் வந்தது. "கிரீஸைத் துடைத்தேன் சார்" என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்லும் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்க்கும் புத்தி வந்தது. எண் உலோகத் தகட்டில் ஆழமாக வெட்டியது. உள்ளே நிரப்பியிருந்த வெள்ளைப் பெயிண்ட் மட்டும் கரைந்திருந்தது. ஒவ்வொரு இலக்கமாக லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றே அந்தத் தகட்டைப் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொண்டேன். நீங்கள் சுத்தம் செய்ய உட்காரும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். கிரிப் தகடுகள் கொஞ்சம் மங்கலாக இருந்தனவே தவிர முழுசாகத்தான் இருந்தன. ஐந்தாம் நாள் ரேஞ்சுக்குக் கிளம்பும்போது கையில் பிடித்தேன், உள்ளங்கையில் ஏதோ நெருடியது. ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து மூன்று விரிசல்கள் கிளம்பி, ஒன்று தகட்டின் ஓரம்வரை போயிருந்தது. மறுபக்கமும் அப்படியே. கீழே போடவில்லை, எதிலும் இடிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தபடியே விரிந்திருக்கிறது. தின்னரை விட்ட நாளில் ஒன்றும் தெரியாமல் ஐந்து நாள் கழித்து இப்படி ஆகுமா என்று எனக்கு விளங்கவே இல்லை. பிஸ்டலைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். விரிசல் விட்ட கிரிப்போடு சுடுவதில்லை என்ற ஒரு முடிவையாவது சரியாக எடுத்தேன்.

அடுத்த மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான். ரேஞ்சில் இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், வீட்டில் சொன்னால் "அதை வித்துத் தொலைங்க" என்பார்கள். சேலத்தில் இல்லாத லேத் பட்டறையா, ஒரு கிரிப் செய்து வாங்கிவிடலாம் என்று ஒரு யோசனை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், விவரம் முழுசாகத் தெரியாமலே, "கொண்டு வாங்க, அல்ட்ராசானிக் தொட்டியில போட்டு எடுத்துரலாம்" என்றார். நல்லவேளை, இரண்டையும் செய்யவில்லை. ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். பழுது பார்க்கவும் அதற்கென்று லைசென்ஸ் வேண்டும். நண்பரின் பட்டறையில் ஸ்லைடைக் கொடுத்துவிட்டு வந்தால் மாட்டுவது நான் மட்டும் இல்லை, அவரும்தான். கூரியரில் போடுவதும் நம் இஷ்டம் இல்லை. லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, காலியான பிஸ்டலைப் பூட்டிய பெட்டியில் வைத்து, நாமே எடுத்துப் போவதுதான் வழி.

கடைசியில் கோவையில் லைசென்ஸ் உள்ள டீலர் ஒருவரிடம் போனேன். அங்கே பழுது பார்க்கும் பெரியவர் பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். ஒரு மாதம் ஆகியும் வாசனை இருந்திருக்க வேண்டும். "ஏனுங்க, தின்னரா?" என்றார். ஆமாம் என்றேன். "யாரு சொன்னாங்க?" பெயிண்ட் கடையில் என்றேன். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வைத்தியம் பார்க்கச் சலூனுக்குப் போன மாதிரி இருக்குதுங்க."

பிறகு அவர் செய்து காட்டியதை நான் மறக்க மாட்டேன். மேஜையில் கிடந்த, உள்ளே ரீஃபிள் தெரிகிற பால்பாயிண்ட் பேனாவின் குழாயை எடுத்தார். லேசாக வளைத்து இரண்டு ஆணிகளுக்கு நடுவே செருகினார். வளைந்த முதுகில் ஒரே ஒரு சொட்டுத் தின்னர். இரண்டு மூன்று விநாடிதான், டிக்கென்று சத்தம். குழாயின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. இன்னொரு சொட்டு விட்டதும் இரண்டாக ஒடிந்து விழுந்தது. "வளைக்காம விட்டிருந்தா ஒட்டுமே தவிர இப்படி ஒடியாதுங்க. இழுத்துக் கட்டின இடத்துலதான் இது வேலையைக் காட்டும். உங்க கிரிப்புல ஸ்க்ரூ முறுக்கி இருக்குதில்ல? அங்கதான் புடிச்சுது." அப்புறம் நைலான் கயிற்றுத் துண்டு ஒன்றைத் தின்னர் பாட்டிலுக்குள் போட்டு, என் பக்கமாக நகர்த்தி வைத்தார். டீ வந்தது, குடித்தோம், பேசினோம். ஒரு மணி நேரம் கழித்துக் கயிற்றை எடுத்தால் போட்டபடியே இருந்தது. "ரெண்டும் பிளாஸ்டிக்குத்தானுங்க" என்றார்.

அதுதான் விஷயம். பாலிமர் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பாலிமர் பிஸ்டல் என்றதும் எல்லோரும் கிளாக்கைத்தான் சொல்வார்கள். ஆஸ்திரியாவில் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கும் முன்பே 1970-இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் வி.பி.70 என்று ஒன்றைச் செய்துவிட்டது. இந்த மாதிரி பிஸ்டல்களின் பிரேம் பெரும்பாலும் நைலான் வகை, பலவற்றில் கண்ணாடி இழையும் கலந்திருக்கும். டூத்பிரஷ் நாரும் மீன்பிடி நரம்பும் என்ன பொருளோ அந்தக் குடும்பம். நைலானுக்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய், எண்ணெய் எல்லாம் பெரிய பொருட்டே இல்லை. தின்னரிலும் என் பிரேம் பிழைத்தது அதனால்தான். ஆனால் பிரேமைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருப்பவை வேறு சாதி: ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் கிரிப் தகடு, பாலிஸ்டைரீனிலோ அக்ரிலிக்கிலோ சைட்டின் ஃபைபர் குச்சி, பாலிகார்பனேட்டில் பாதுகாப்புக் கண்ணாடி, இவை போக ரப்பர் வளையம், பெயிண்ட், பசை. தெர்மாகோல் மேல் பெட்ரோல் பட்டால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான். "பிரேம் தாங்குமா?" என்று கேட்பது தப்பான கேள்வி. அந்தப் பிஸ்டலில் இருப்பதிலேயே நோஞ்சான் எது, அது தாங்குமா என்று கேட்க வேண்டும்.

நைலானுக்கும் எதிரி உண்டு. ஃபார்மிக் அமிலம், ஃபீனால், கடும் அமிலங்கள். அதனால் துருவை எடுக்கிறேன் என்று பாத்ரூம் ஆசிட்டையோ ஆசிட் கலந்த துரு நீக்கியையோ பிரேம் பக்கம் கொண்டுபோக வேண்டாம். என் ஸ்லைடில் இருந்த புள்ளிகளைப் பெரியவர் மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊற வைத்து, மிக நுண்ணிய இரும்பு நார் கொண்டு பூப்போல எடுத்தார். அதற்குமேல் அதற்கு எதுவும் தேவைப்படவில்லை.

பாட்டில் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் படிக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அசிட்டோன், டொலுயீன், சைலீன், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்), டைகுளோரோமீத்தேன், டிரைகுளோரோஎத்திலீன், இவற்றில் ஒரு பெயர் கண்ணில் பட்டாலும் பாலிமர் பக்கம் அது வேண்டாம். நம் ஊர்த் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், கார்ப்ரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே எல்லாம் இந்தக் கூட்டம்தான். பிரேக் கிளீனரில் குளோரின் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை வரும். குளோரின் இல்லாதது நல்லது என்று நினைத்து ஏமாற வேண்டாம், அதில் அசிட்டோனோ டொலுயீனோ இருக்கலாம். மண்ணெண்ணெய் நைலானைச் சீண்டாது, ஆனால் ரப்பரை உப்ப வைக்கும், நாற்றமும் போகாது. டபிள்யூ.டி.40-ஐப் பலர் சர்வரோக நிவாரணியாகவே வைத்திருக்கிறார்கள். அது ஈரத்தை விரட்ட உருவானது. பாலிகார்பனேட்டிலும் தெளிவான பாலிஸ்டைரீனிலும் போடாதே என்று அவர்களே சொல்கிறார்கள். அம்மோனியா கலந்த பேரல் சால்வென்ட் (குழலைச் சுத்தம் செய்யும் கரைப்பான்) செம்புப் படிவைக் கரைக்க வந்தது. .22-இல் நாங்கள் சுடுவது பெரும்பாலும் வெறும் ஈயக் குண்டு, அங்கே அதற்கு வேலையே இல்லை. நிக்கல் முலாம் போட்ட பாகம் இருந்தால் அதை உரித்துவிடவும் செய்யும், பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது. துப்பாக்கிக்கென்றே விற்கும் பாட்டில்களில் பாலிமருக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருக்கும். வாங்கலாம், ஆனால் அந்த வாக்குறுதியை பிரேமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரிப்புக்கும் சைட்டுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பெரும்பாலான பிளாஸ்டிக்குக்குப் பரவாயில்லை, அக்ரிலிக் மட்டும் விலக்கு. 70 சதவீதம் என்று இருந்தால் மிச்சம் 30 தண்ணீர் என்பதை ஞாபகம் வைத்து, இரும்பில் போட்டால் உடனே துடைத்து எண்ணெய் விட வேண்டும். இன்னொன்று, மலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு: டீட் உள்ள கொசு விரட்டியைக் கையில் தடவிக்கொண்டு கிரிப்பையோ கண்ணாடியையோ தொடாதீர்கள். அதுவும் பிளாஸ்டிக்கைத் தின்னும்.

அந்தக் கொலுசுப் பட்டறை நண்பரிடம் ஒரு நாள் முழுக் கதையையும் சொன்னேன். "நாங்க வெள்ளிக்கே பூந்திக்கொட்டைத் தண்ணிதான் போடுறோம், நீங்க பிளாஸ்டிக்குக்குத் தின்னர் ஊத்தினீங்களா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு டீ சொன்னார். கேலியாகச் சொன்னாலும் இப்போது நான் செய்வது ஏறக்குறைய அதுதான். முதலில் ஸ்லைடையும் பேரலையும் கழற்றி பிரேமைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். உலோகத்துக்கு மட்டும்தான் சால்வென்ட், அதுவும் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் துணித் துண்டில் நனைத்து. முன்சைட் ஸ்லைடில் இருப்பதால் அதன்மேல் சின்னதாக ஒரு செலோடேப். பேரலை வாய்ப்பக்கம் கீழே சாய்த்துப் பிடித்துக்கொள்வேன். பிரேமுக்கு, கிரிப்புக்கு எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், அவ்வளவுதான். ஊற வைப்பது கிடையாது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிரேமுக்குள் இருக்கும் இரும்புத் துண்டுகளுக்கு எண்ணெய் ஒரு துளி. பசை விடாமல் பிடித்திருந்தால் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும். புதுத் திரவம் எது வாங்கினாலும் கிரிப்பின் உட்புறம், ஸ்க்ரூ இறுகும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சொட்டு வைத்து, ஒரு வாரம் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு. மறுநாள் பார்த்தால் போதாது. என்னுடையது ஐந்தாம் நாள்தான் வாயைத் திறந்தது.

வேலை நடப்பது திண்ணையில், பகலில். துடைத்த துணியில் ஈயம் இருக்கும், அதனால் அடுப்பில் போடுவதில்லை. கிணற்றுப் பக்கமோ பழம் கழுவும் தொட்டிப் பக்கமோ அந்தத் தண்ணீரைக் கொட்டுவதும் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காப்பி டம்ளரைத் தொடுவதில்லை.

செலவைச் சொல்லிவிடுகிறேன். முன்சைட் 6,800, கிரிப் ஜோடி 14,500, பாதுகாப்புக் கண்ணாடி 2,400, வேலைக்கூலி 3,000, கோவைக்கு மூன்று முறை போய்வந்தது 5,500, தின்னர் 140. மொத்தம் 32,340. கிரிப் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்ததால் நவம்பர் ஆகிவிட்டது. அந்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. பணத்தைவிட அதுதான் உறுத்தியது. தின்னர் சம்பவத்துக்கு முன்பு ரேஞ்சில் என் கை நன்றாக வந்துகொண்டிருந்த சமயம். நவம்பரில் திரும்பப் போய் நின்றபோது பத்து வயதுப் பையன் பிடிப்பதுபோல நடுங்கியது. வரிசை எண்ணுக்கு வெள்ளை பூச வேண்டுமா என்று பெரியவரிடம் கேட்டேன். "வெட்டு தெளிவா இருக்குதுங்க, அது மேல நீங்க எதையும் பூசாம இருந்தாப் போதும்" என்றார்.

தின்னர் முக்கால் லிட்டர் மிச்சம் இருந்தது. தீபாவளிக்கு முன்பு தோட்டத்துக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "நல்ல சரக்குங்க, எங்க வாங்கினீங்க?" என்றார்.